இங்கிலாந்தில் வீடு வாங்க சொலிசிட்டர் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் சொன்ன விலையை (ஆஃபர்) விற்பவர் ஒப்புக்கொண்டதாக வீட்டு ஏஜென்ட் போனில் சொல்லும்போதே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: "உங்கள் சொலிசிட்டர் யார்?" வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரைத்தான் கேட்கிறார். அப்போதுதான் தேடத் தொடங்குகிறவர்கள், ஏஜென்ட் நீட்டும் பெயரையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் ஆஃபர் போடுவதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களில் கட்டண விவரம் வாங்கி, ஒருவரை முடிவு செய்து வையுங்கள். வேலையை ஒப்படைக்காதவரை பெரும்பாலும் செலவு எதுவும் கிடையாது.

இங்கே சொல்வது, வரியைத் தவிர, பெரும்பாலும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டமும் நடைமுறையும் வேறு.

சொலிசிட்டரா, லைசென்ஸ்டு கன்வேயன்சரா?

லைசென்ஸ்டு கன்வேயன்சர் என்பவர் சொத்து கைமாறும் சட்ட வேலைக்கென்று உரிமம் பெற்றவர். வீடு வாங்கும் வேலையை இருவருமே சட்டப்படி செய்யலாம். சொலிசிட்டர்களைக் கண்காணிப்பது சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி (எஸ்ஆர்ஏ); லைசென்ஸ்டு கன்வேயன்சர்களைக் கண்காணிப்பது கவுன்சில் ஃபார் லைசென்ஸ்டு கன்வேயன்சர்ஸ் (சிஎல்சி). சாதாரண வீடு, சாதாரண மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) என்றால் யாரிடம் போனாலும் வித்தியாசம் இல்லை. விவாகரத்து, உயில், எல்லைத் தகராறு என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிரிவுகளும் உள்ள சொலிசிட்டர் நிறுவனம் நல்லது. யாரானாலும், நிறுவனத்தின் பெயரை அந்தந்த அமைப்பின் இணையதளப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். போலி நிறுவனங்கள் இருக்கின்றன. உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடிக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி தரும் கன்வேயன்சிங் தரச் சான்றான சிக்யூஎஸ் இருந்தால் கூடுதல் நிம்மதி.

தெரிந்தவர், தமிழ் பேசுபவர் என்றால் போதுமா?

தமிழில் விளக்கம் கேட்க முடிவது பெரிய வசதிதான், குறிப்பாக பெற்றோரின் பணமும் பெயரும் இதில் இருந்தால். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. முதலாவது, உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் பேனலில், அதாவது அந்த வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியலில், அந்த நிறுவனம் இருக்கிறதா? இல்லையென்றால் வங்கிக்குத் தனியாக இன்னொரு சொலிசிட்டர் வருவார். அவருடைய கட்டணமும் உங்கள் தலையில் விழும், நாட்களும் கூடும். சிறிய நிறுவனங்களில் இது அடிக்கடி இடிக்கும். ஒரு வங்கியில் கடன் கிடைக்காமல் வேறு வங்கிக்கு மாற வேண்டி வரலாம் என்பதால், எந்தெந்த வங்கிகளின் பேனலில் இருக்கிறார்கள் என்று மொத்தமாகவே கேளுங்கள்.

அடுத்தது, உங்கள் ஃபைலை உண்மையில் பார்க்கப் போவது யார்? முதல் நாள் பேசியவர் ஒருவராகவும், பிறகு பார்ப்பவர் புதிதாகச் சேர்ந்தவராகவும் இருப்பது சகஜம். அது தவறில்லை, அவருக்கு மேலே யார், அவர் விடுமுறையில் போனால் யார் பதில் சொல்வார் என்று தெரிந்தால் போதும். ஃப்ளாட் வாங்குகிறீர்கள் என்றால், லீஸ்ஹோல்டு (நிலம் வேறொருவருடையது, ஃப்ளாட் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உங்களுடையது) வழக்கமாகச் செய்கிறார்களா என்றும், உயரமான கட்டடங்களை எடுத்துக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் அவற்றைத் தொடுவதே இல்லை.

ஏஜென்ட் சொல்லும் சொலிசிட்டரிடம் போகக் கூடாது என்று சட்டமில்லை, போக வேண்டும் என்றும் இல்லை. பரிந்துரைக்காக ஏஜென்டுக்குப் பணம் போகிறதா, எவ்வளவு என்பதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். "எங்கள் ஆளை வைத்தால்தான் வீடு" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அதற்குப் பணிய வேண்டியதில்லை. விற்பவரும் உங்கள் உறவுக்காரர், அவருடைய சொலிசிட்டரையே நாமும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். தகராறு என்று வந்தால் அவர் உங்கள் பக்கம் நிற்க முடியாது.

எவ்வளவு செலவாகும்?

விளம்பரத்தின் தலைப்பில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃப்ரீஹோல்டு (நிலமும் சேர்ந்து சொந்தமாகும்) வீட்டுக்கு சொலிசிட்டரின் கட்டணம் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 பவுண்டுக்குள் இருக்கும். அதன்மேல் 20 சதவீதம் வாட். 600 பவுண்டு என்று விளம்பரம் செய்யும் இடங்களில் கீழே வரிசையாக வேறு தொகைகள் இருக்கும்: மோர்ட்கேஜ் வேலைக்கு ஒன்று, லீஸ்ஹோல்டுக்கு ஒன்று, அன்பளிப்புப் பணம் தருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று, லைஃப்டைம் ஐசா (அரசு போனஸ் தரும் சேமிப்புக் கணக்கு) பணம் எடுக்க ஒன்று, ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) படிவம் நிரப்ப ஒன்று, வங்கிக்குப் பணம் அனுப்ப ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் 1,400 பவுண்டு கேட்ட இடம் மலிவாக இருந்திருக்கும்.

சொலிசிட்டர் உங்களுக்காக வெளியே கட்டும் பணம் தனி. அந்த வீட்டைப் பற்றிய உள்ளூராட்சி, தண்ணீர் வடிகால், சுற்றுச்சூழல் பதிவுகளைச் சரிபார்க்கும் தேடல்களுக்கு சுமார் 300 முதல் 500 பவுண்டு. அரசின் நில உரிமைப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவுக் கட்டணம் வீட்டு விலையைப் பொறுத்தது. கட்டண விவரத்தை எழுத்தில் வாங்கி, "என் நிலைமைக்கு இதற்கு மேல் எது சேரும்?" என்று கேளுங்கள். வாங்குவது பாதியில் முறிந்தால் கட்டணம் இல்லை என்பார்கள் சிலர்; அப்போதும் தேடல்களுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது.

டெபாசிட் பணம் எங்கிருந்து வந்தது என்று ஏன் துருவுகிறார்கள்?

நம்மவர்கள் வீடு வாங்கும்போது அதிகம் தாமதமாகும் இடம் இதுதான். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது மட்டுமல்ல, அந்தக் கணக்குக்கு அது எப்படி வந்தது என்பதையும் சொலிசிட்டர் பார்த்தாக வேண்டும். வழக்கமாக ஆறு மாத வங்கி அறிக்கை கேட்பார்கள். அதில் பெரிய தொகை ஒன்று உள்ளே வந்திருந்தால் அதற்கும் ஆதாரம் கேட்பார்கள்.

சீட்டுப் பணம் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த ஒருவர் நடத்தும் சீட்டு. மாதாமாதம் கையில் கட்டி, ஏலத்தில் எடுத்து, ஒரே நாளில் 15,000 பவுண்டு கணக்கில் வந்திருக்கிறது. உங்களுக்கு அது சேமிப்பு. சொலிசிட்டருக்கு அது, தெரியாத ஒருவரிடமிருந்து வந்த விளக்கமில்லாத தொகை. மாதக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போன தடயமும், நடத்தியவரின் கடிதமும், அவர் அடையாளமும் இருந்தால் சிலர் ஏற்றுக்கொள்வார்கள். ரொக்கமாகவே கட்டியிருந்தால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், வந்த பணம் இன்னும் சிக்கல். ஊரில் அப்பா கொடுத்த பணம் இங்கே முகம் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து வந்து சேரும்போது, அப்பாவுக்கும் அந்தப் பணத்துக்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் அறுந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் சொலிசிட்டர் தேசிய குற்றவியல் முகமைக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவர், அனுப்பியதை உங்களிடம் சொல்லவும் கூடாது. திடீரென்று ஃபைல் அசையாமல் நின்றால், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது.

ஆகவே வீடு தேடும் முன்பே, ஊரிலிருந்து வர வேண்டிய பணத்தை வங்கி வழியாகவே வரவழையுங்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்; வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்தியாவில் சொத்தை விற்ற பணத்தை என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாடு வாழ்பவர் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை எடுத்து வரலாம். காணி விற்ற பணம் என்றால் விற்ற உறுதி (பத்திரம்), பணம் வரவு வைக்கப்பட்ட வங்கி அறிக்கை, அனுப்பிய ரசீது மூன்றையும் சேர்த்து வையுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் ஆவணத்துக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பெற்றோரோ அண்ணனோ பணம் தந்தால், அது கடன் அல்ல, வீட்டில் பங்கும் கேட்க மாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், அவருடைய அடையாளமும், அவருடைய வங்கி அறிக்கையும் கேட்கப்படும். இந்த விவரம் வங்கிக்கும் போகும். கடன் வாங்கிய பணத்தை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பது மோர்ட்கேஜ் மோசடி.

பெயர் விஷயத்தையும் இதோடு முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் இனிஷியலாக, மோர்ட்கேஜ் கடிதத்தில் முன்பின் மாறி என்று மூன்று விதமாக இருந்தால் அடையாளச் சோதனை அங்கேயே நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

ஊரில் வீடு இருந்தால் இங்கே வரி கூடுமா?

கூடும். வீட்டு விலைக்கு அடுத்தபடியான பெரிய அதிர்ச்சி இதுதான். 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் ஸ்டாம்ப் டியூட்டி முதல் 1,25,000 பவுண்டுக்கு இல்லை, அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், 9,25,000 வரை 5 சதவீதம். முதல் முறை வாங்குபவருக்கு 3,00,000 வரை வரியில்லை, அதற்கு மேல் 5,00,000 வரை 5 சதவீதம். விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே இல்லை. வேறு வீடு இருப்பவர்கள் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

4,50,000 பவுண்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வாங்குபவருக்கு வரி 7,500. சலுகை இல்லாதவருக்கு 12,500. கூடுதல் வரியும் சேர்ந்தால் 35,000.

இந்தக் கணக்கில் வீடு உலகில் எங்கிருந்தாலும் வீடுதான். மதுரையில் அம்மா இறந்தபின் மூன்று பிள்ளைகளுக்கும் வந்த வீட்டில் உங்கள் பங்கு இருந்தாலே, நீங்கள் முதல் முறை வாங்குபவர் இல்லை. 5 சதவீதக் கூடுதல் வரிக்குக் கணக்கு கொஞ்சம் வேறு: உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் குறைவென்றால் சேராது; பரம்பரையாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாமல், கிடைத்து மூன்று ஆண்டுக்குள் இருந்தாலும் சேராது. கட்டடமில்லாத வெறும் மனை கணக்கில் வராது. குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, அதற்குப் பதிலாகக் குடியிருக்க இன்னொன்று வாங்கினாலும் கூடுதல் வரி இல்லை. சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும், மற்றவர் பெயரில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் வீடு கணக்கில் வரும். "என் பெயரில் எதுவும் இல்லையே" என்பது இங்கே எடுபடாது.

சொலிசிட்டர் கேட்கும் படிவத்தில் "வேறு சொத்து உண்டா?" என்பதற்கு இங்கிலாந்தை மட்டும் நினைத்து இல்லை என்று எழுதிவிட்டால், தவறான வரிக் கணக்கு உங்கள் பெயரில்தான் போகும், அபராதமும் வட்டியும் உங்களுக்குத்தான் வரும். குடும்பச் சொத்து சிக்கலாக இருந்தால் சொலிசிட்டர் வரி ஆலோசகரிடம் அனுப்புவார். போங்கள். லைஃப்டைம் ஐசா வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: உலகில் எங்கும் வீடு இருந்திருக்கக் கூடாது, வீட்டு விலை 4,50,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, கணக்கில் முதல் பணம் போட்டு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், பணத்தை சொலிசிட்டர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். நீங்களே எடுத்தால் 25 சதவீதம் வெட்டு. வேல்ஸில் வரியின் பெயரும் விகிதங்களும் வேறு. முதல் முறை வாங்குபவருக்கான சலுகையும் அங்கே இல்லை.

சொலிசிட்டர் வீட்டை வந்து பார்ப்பாரா?

வர மாட்டார். அவர் பார்ப்பது காகிதத்தை. வீட்டைப் பார்த்தவர் நீங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் பிற்பாடு வரும் வழக்குகள் பல பிறக்கின்றன.

லேண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து சிவப்புக் கோடு போட்ட வரைபடம் ஒன்றை உங்களுக்கு அனுப்புவார். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "ஓகே" என்று பதில் போடாதீர்கள். அச்செடுத்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மறுபடி போங்கள். முன்பக்கம் கார் நிறுத்தும் இடம் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறதா? பக்கத்து வீட்டோடு சேர்ந்த டிரைவ்வே (கார் உள்ளே போகும் பாதை) என்றால் பாதி யாருடையது? பின் சந்து வழியாகத்தான் கராஜுக்குப் போக முடியும் என்றால், அந்த வழியுரிமை பதிவேட்டில் எழுதியிருக்கிறதா? தோட்டத்தின் கடைசியில் வேலி கோட்டைத் தாண்டியிருக்கிறதா? ஏதாவது இடித்தால் படம் எடுத்து அனுப்பி, எழுத்தில் கேளுங்கள். வேலி சில அங்குலம் அப்படி இப்படி இருப்பது பெரிதல்ல. அந்த வரைபடம் எல்லையைப் பொதுவாகக் காட்டுவதுதான்.

அடுத்தது கட்டி நீட்டிய பகுதிகள். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபர்டிலும் பின்பக்க நீட்டிப்பும் மாடத்து (லாஃப்ட்) அறையும் இல்லாத வீடு அரிது. ஒட்டிய வீட்டில் ஒரு தள நீட்டிப்பு 3 மீட்டர் வரையும், வரிசை வீட்டில் மாட விரிவு 40 கன மீட்டர் வரையும், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், திட்ட அனுமதி இல்லாமலே கட்டலாம். ஆனால் கட்டட விதிகளின்படி முடிப்புச் சான்று தனி; அது எப்படியும் வேண்டும். 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னல்களுக்கும், விதிப்படி பொருத்தியதைக் காட்டும் ஃபென்சா போன்ற சான்று வேண்டும். எந்த அறை பிற்பாடு சேர்த்தது போலத் தெரிந்ததோ அதை சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பித் தரும் டிஏ6 படிவத்தில் எழுதாமல் விட்டிருந்தால் சொலிசிட்டருக்குத் தெரிய வழியில்லை.

சான்று இல்லையென்றால் விற்பவர் தரப்பு ஒரு இண்டெம்னிட்டி பாலிசி (இழப்பீட்டுக் காப்பீடு) வாங்கித் தருவதாகச் சொல்லும். ஒரே தடவை கட்டும் சிறிய தொகை. அது காப்பது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்பை மட்டும். கூரை இறங்கினால் ஒரு பென்னியும் வராது. இதில் ஒரு பொறி இருக்கிறது: யாராவது முன்கூட்டியே கவுன்சிலுக்கு போன் செய்து அந்தக் கட்டுமானத்தைப் பற்றி விசாரித்துவிட்டால், பிறகு அந்தப் பாலிசியே கிடைக்காது. எனவே சொலிசிட்டரிடம் கேட்காமல் நீங்களாகக் கவுன்சிலைக் கூப்பிடாதீர்கள். மாடத்து அறை உண்மையில் உறுதியாக இருக்கிறதா என்பதற்கு சர்வேயர்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய, நீட்டிய வீட்டுக்கு சர்வேயர்களின் அமைப்பான ஆர்ஐசிஎஸ் வகுத்த மூன்றாம் நிலை சர்வே, அதாவது மிக விரிவானது, எடுங்கள். வங்கி எடுக்கும் மதிப்பீடு வங்கிக்காகத்தான்.

ஃப்ளாட் என்றால்?

வேலை இரட்டிப்பு. லீஸில் எத்தனை ஆண்டு மீதம் என்பதை ஆஃபருக்கு முன்பே கேளுங்கள். 80க்குக் கீழே போயிருந்தால் நீட்டிக்கும் செலவு கூடும், பல வங்கிகள் தயங்கும். நீட்டிக்க இரண்டு ஆண்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை. நில உரிமையாளருக்குக் கட்டும் தரை வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிக்கிறது, கடந்த மூன்று ஆண்டுப் பராமரிப்புக் கணக்கு என்ன, ஏதாவது ஒரு ஃப்ளாட்டாவது 250 பவுண்டுக்கு மேல் தர வேண்டிய பெரிய வேலைக்கு, முன்கூட்டியே உரிமையாளர்களிடம் கருத்துக் கேட்கும் செக்‌ஷன் 20 நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று சொலிசிட்டர் கேட்க வேண்டும். குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ உள்ள கட்டடம் என்றால் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் சான்றிதழ்களையும் கேட்க வேண்டும். நிர்வாக நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய தகவல் கட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். விற்பவர் அதை முதல் வாரத்திலேயே பணம் கட்டிக் கேட்டாரா என்று ஏஜென்டை நச்சரியுங்கள்.

யார் பெயரில் வாங்குவது?

சொலிசிட்டர் ஒரு பெட்டியில் டிக் செய்யச் சொல்வார். ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்றால் ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுவதும் போகும், உயில் என்ன சொன்னாலும். டெனன்ட்ஸ் இன் காமன் என்றால் அவரவர் பங்கு அவரவருக்கு. அண்ணன் 60,000 தம்பி 20,000 போட்டு வாங்கினால் இரண்டாவதுதான் பொருத்தம். கூடவே யார் பங்கு எவ்வளவு என்று டிரஸ்ட் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். சில நூறு பவுண்டுதான். தம்பிக்குக் கல்யாணமான பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே முடியாமல் போகும். பெயரில் இல்லாமல் கூடவே குடியிருக்கப் போகும் வயதுவந்த பெற்றோர், வங்கிக்கு முன் தங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் வேறொரு சொலிசிட்டரிடம் தனியாக ஆலோசனை பெறச் சொன்னால் கோபப்பட வேண்டாம், அது வழக்கமான நடைமுறை.

எப்போது பின்வாங்க முடியாது?

காண்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது, ஆன நிமிடத்திலிருந்து. அதுவரை இரு தரப்பும் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். விற்பவர் அதிக விலைக்கு வேறொருவரிடம் போகலாம். எக்ஸ்சேஞ்சில் வழக்கமாக 10 சதவீதம் டெபாசிட். 5 சதவீதத்துக்கு இறங்கி வந்தாலும், நீங்கள் முடிக்காமல் விட்டால் மீதி 5 சதவீதத்தையும் கேட்கலாம். வீட்டுக் காப்பீடு எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அன்றிரவு தீப்பிடித்தாலும் நீங்கள் வாங்கியே ஆக வேண்டும். அதனால் மோர்ட்கேஜ் ஆஃபர் கையில், எல்லாத் தேடல் முடிவும் கையில், உங்கள் எழுத்துக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கையில் என்ற பிறகுதான் தலையாட்டுங்கள். ஆஃபர் முதல் சாவி வரை 12 முதல் 16 வாரம் என்று மனதில் வைத்து வாடகை வீட்டு நோட்டீஸைக் கொடுங்கள், அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் பின்.

பணம் அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது திருடன்தான் என்றே கொள்ளுங்கள். முதல் நாள் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு போன் செய்து கணக்கு எண்ணை வாயால் சொல்லச் சொல்லுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். சாவி வாங்கும் நாளுக்கு ஒரு வேலை நாள் முன்பே பணம் சேர்ந்திருக்க வேண்டும். முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். வங்கியில் ஏதாவது சிக்கினால் திங்கள் வரை சாமான்களோடு தெருவில் நிற்க வேண்டி வரும்.

சொலிசிட்டர் பதிலே தராவிட்டால்?

தினமும் போன் செய்வதால் ஃபைல் வேகமாக நகராது. வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல், அதில் எண்ணிட்ட கேள்விகள்: எது யாரிடம் நிற்கிறது, என்று கேட்டீர்கள், நான் ஏதும் தர வேண்டுமா. இதற்கும் அசையவில்லை என்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்படி புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றாலோ, அவர்களின் இறுதிப் பதிலில் திருப்தி இல்லை என்றாலோ சட்டச் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்; இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பாதியில் சொலிசிட்டரை மாற்றலாம். ஆனால் அதுவரையிலான வேலைக்குப் பணம் கட்டினால்தான் ஃபைல் கைமாறும், புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிப்பார். பெரிய தவறு நடந்தாலொழிய பலன் குறைவு.

சாவி வாங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கணக்கும் பணமும் வரித்துறையான எச்எம்ஆர்சிக்குப் போக வேண்டும். பிறகு லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு விண்ணப்பம். பதிவு முடிய மாதங்கள் ஆகலாம். முடிந்ததும் சொலிசிட்டர் அனுப்பும் பதிவேட்டு நகலில் உங்கள் பெயரின் எழுத்துகள், பழைய வங்கியின் கடன் நீங்கியிருப்பது, தொடர்பு முகவரி மூன்றையும் பாருங்கள். வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் நீங்கள் குடியிருக்கும் முகவரியையும் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பிராப்பர்ட்டி அலர்ட் சேவையில் பத்துச் சொத்துவரை இலவசமாகப் பதிந்து வைக்கலாம். உங்கள் வீட்டின் பதிவேட்டில் யாராவது கை வைக்க முயன்றால் மின்னஞ்சல் வந்துவிடும்.